ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கடனுக்காக உயிரை விடுவது ஏன் கூடிக்கொண்டே போகிறது?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: "இருபது வயசுப் பிள்ளைகள் அவசரப்பட்டால்கூடப் புரிகிறது. பேரன் பேத்தி எடுத்தவர்களுமா?" அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இப்போது 57 வயது. 2021-இல் அந்த இடத்துக்கு வெகு பக்கத்தில் போய்த் திரும்பியவன்.

திருப்பூரில் பவர் டேபிள் வைத்திருந்தேன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், பனியன் கம்பெனி வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை. 14 மெஷின். சனிக்கிழமை சாயந்திரம் எல்லாருக்கும் ரொக்கமாகச் சம்பளம் போடும் தொழில். 2016 நவம்பரில் ரொக்கமே காணாமல் போனது. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி. இரண்டையும் தாண்டிவிட்டேன் என்று பெருமையாக இருந்தேன். தாண்டியது லாபத்தில் இல்லை, கடனில் என்பது 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான் உறைத்தது. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போடலாம் என்றது. வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. வார வட்டிக்குக் கொடுத்தவரோ ரிசர்வ் வங்கியைக் கேட்டா கொடுத்தார்? அவர் திங்கட்கிழமை வாசலில் நின்றார்.

மொத்தம் 11 லட்சத்துச் சொச்சம். இதைப் படிக்கும் பலருக்கு இது பெரிய தொகையாகவே தெரியாது. இருபத்தைந்து வயதில் எனக்கும் தெரிந்திருக்காது. பம்பாய்க்குப் போயாவது அடைத்திருப்பேன். 54 வயதில் ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கவே கண்ணாடி தேடுகிறேன், யார் வேலை தருவார்கள்? ஒரு பக்கம் மகள் கல்யாணத்துக்கு வாங்கியது, இன்னொரு பக்கம் அப்பாவின் மருந்துச் செலவு. எல்லாவற்றுக்கும் மேலே ஜாமீன். ஒரு கடனுக்கு மச்சான் கையெழுத்துப் போட்டிருந்தார், இன்னொன்றுக்கு என் மனைவி. நான் கட்டாவிட்டால் அவர்கள் வாசலுக்குப் போவார்கள். விசேஷ வீட்டில் மச்சான் முகத்தைப் பார்க்க முடியாமல் பந்தியில் உட்காராமலே திரும்பி வந்திருக்கிறேன்.

அப்போது மனம் ஒரு கணக்குப் போடும். சாப்பாடு, மாத்திரை, கடன் எல்லாம் செலவுப் பக்கம், வரவுப் பக்கம் பூஜ்யம். ஆகவே நான் இல்லாமல் இருப்பதே இவர்களுக்கு லாபம். வருஷக்கணக்கில் கணக்கு எழுதிய ஆளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகவே தோன்றாது, கச்சிதமாகத் தோன்றும். அதுதான் ஆபத்து. கணக்கே தப்பு. கடன் வாங்கியவர் போனாலும் ஜாமீன் போட்டவரை விடமாட்டார்கள். நான் போயிருந்தால் என் மனைவி தலையில் அதே கடன் விழுந்திருக்கும், கூட நானும் இல்லாமல்.

என்னைத் திருப்பியது டாக்டரோ சாமியாரோ இல்லை. என்னிடம் பதினோரு வருடம் ஓவர்லாக் ஓட்டிய ஒரு அக்கா. சம்பளப் பாக்கி 6,500 ரூபாய் கேட்டு வந்தார். பூட்டிய பட்டறைக்குள் நான் லைட் போடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர் பாக்கியைக் கேட்கவில்லை. "தம்பி, மொத்தம் எவ்வளவுங்க?" என்றார். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது, பயத்தில் கூட்டிப் பார்த்ததே இல்லை. அவர் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர். பில் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, யார் ஜாமீன் என்று கோடு போட்டு எழுதவைத்தார். "என் பாக்கியையும் எழுதுங்க" என்றார். எழுதி முடித்ததும், "வீட்ல அக்காகிட்ட சொல்லியாச்சுங்களா?" என்று என் மனைவியைக் குறித்துக் கேட்டார். இல்லை. அன்று ராத்திரி அவரே கூட வந்து உட்கார்ந்துகொண்டு என்னைச் சொல்லவைத்தார்.

சரி, ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி தமிழ்நாட்டில் 2019-இல் 13,493 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2022-இல் அது 19,834. எல்லா வயதினரும் சேர்ந்த எண் இது. இந்தியா முழுக்க அந்த ஆண்டு இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். ஆனால் காரணம் என்ற கட்டத்தில் 'கடன்' சுமார் 4 சதவீதம்தான். 'குடும்பப் பிரச்சினை' 31.7, 'நோய்' 18.4. என்னை யாராவது எழுதியிருந்தால் எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்கள்? கடைசி வாரம் வீட்டில் தினமும் சண்டை. நிச்சயமாகக் குடும்பப் பிரச்சினையில்தான்.

அறுபதைத் தாண்டியவர்கள் கதை வேறு. அவர்களில் பலரைத் துரத்துவது கடன்காரன் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மில் வேலையில் ஓய்வு பெற்றவர். பிஎஃப் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014-இல் வைத்த அதே 1,000 ரூபாய். மாநில அரசின் முதியோர் உதவித்தொகை 2023 முதல் 1,200. அதில் எண்பது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200. சர்க்கரை மாத்திரைக்கே அது காணாது. "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுங்க" என்று அவர் அடிக்கடி சொல்வார். நாம் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்கிறோம். என் அனுபவத்தில் அது நான் போட்ட அதே கணக்குதான். அந்த வார்த்தையை உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் அப்படியே விட்டுவிடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

விதி, மனத்திடம் என்று பேசுகிறவர்களுக்கு நான் ஜப்பானைக் காட்டுவேன். 1997 நவம்பரில் அங்கே யமாய்ச்சி என்ற பெரிய பங்குத்தரகு நிறுவனம் விழுந்தது, ஒரு வங்கியும் விழுந்தது. அந்த ஆண்டு 24,391 ஆக இருந்த தற்கொலை அடுத்த ஆண்டே 32,863 ஆனது. கூடியவர்களில் பெரும்பகுதி நடுத்தர வயது ஆண்கள். ஒரே வருடத்தில் ஒரு நாட்டு ஆண்களின் மனத்திடம் குறைந்துபோகுமா என்ன? பதினான்கு வருடம் முப்பதாயிரத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. கடன் வாங்கியவர் பெயரில் கடன் கம்பெனியே ஆயுள் காப்பீடு எடுத்துவைத்துக்கொண்ட கொடுமையும் அங்கே இருந்தது. 2006-இல் தற்கொலைத் தடுப்புக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். கடன் தொழில் சட்டத்தையும் திருத்தினார்கள். வட்டிக்கு 20 சதவீத உச்சவரம்பு, ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடன் கிடையாது. 2010-இல் அது முழுதாக அமலுக்கு வந்தது. 2019-இல் எண்ணிக்கை 20,169. சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், பொருளாதாரமும் கொஞ்சம் தேறியது. ஆனால் ஏறியது இறங்கவும் செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இங்கேயும் காகிதத்தில் சில பாதுகாப்புகள் உண்டு. வங்கியோ நிதி நிறுவனமோ, அவர்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் சொன்னது. கந்துவட்டிக்கு எதிராக 2003 முதலே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-இல் இன்னொன்று வந்தது. இதில் பாதி என் காலத்தில் வரவே இல்லை; அப்போதே இருந்த கந்துவட்டிச் சட்டம்கூட எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ராத்திரி பதினோரு மணி போனுக்கு அவ்வளவு நடுங்கியிருக்கமாட்டேன்.

இதைப் படிக்கும் நீங்களே அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தால், இன்றைக்கே ஒருவரிடம் தொகையைச் சொல்லுங்கள். வீட்டில் முடியாதென்றால் 14416 (டெலி மனஸ்), அல்லது 104, அல்லது சென்னை ஸ்நேகா 044-24640050. தமிழிலேயே பேசலாம்.

பட்டறையை விற்றேன். மெஷின் போன விலையைச் சொன்னால் அழுகை வரும், விடுங்கள். வங்கியில் ஒரே தவணைத் தீர்வு பேசி முடித்தோம். வார வட்டிக்காரரிடம் மச்சானே வந்து பேசினார், அவர் என்னிடம் கோபப்பட்டது ஒன்றுக்குத்தான், "ஏன் முதல்லயே சொல்லல?" இப்போது வேறொரு கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் 2 லட்சத்து 40 ஆயிரம் பாக்கி. ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி தவணை. அக்காவின் 6,500-ஐ முதல் மாதச் சம்பளத்திலேயே கொடுத்துவிட்டேன். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.