பி.ஏ. பிரெஞ்சா, பி.காமா? – பதில்

வணக்கம். பிளஸ் டூவில் பிரெஞ்சில் 98 எடுத்த உங்கள் மகளை பி.ஏ. பிரெஞ்சில் சேர்க்கலாமா, அல்லது பி.காம் படிக்கவைத்து மொழியைத் தனியே தொடரச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், அந்த 98-ஐ அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். பாடப்புத்தகக் கேள்விகளை நன்கு பயின்றாலே அந்த மதிப்பெண் வந்துவிடும் என்பதால், ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியை இரண்டு நிமிடம் கேட்கச் செய்து, புரிந்ததைப் பிரெஞ்சிலேயே நாலு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். திணறினாலும் கவலையில்லை, டெல்லி ஜே.என்.யு.வின் பி.ஏ. ஆனர்ஸ் படிப்பு அரிச்சுவடியிலிருந்தே தொடங்குகிறது. அதற்குக் கியூட் (CUET) என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். ஐதராபாத்தின் இஃப்லு (ஆங்கிலம், அயல்மொழிகள்) பல்கலைக்கழகத்திலும் பிரெஞ்சு இளங்கலை உண்டு.

மொழிபெயர்ப்பு, ஆசிரியப்பணி, ஆய்வு ஆகியவற்றில் அவளுக்கு உண்மையான நாட்டம் இருந்தால் பி.ஏ. பிரெஞ்சே சரி. பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் (பேச்சை வாய்மொழியாக மொழிபெயர்ப்பது) சார்ந்த எம்.ஏ. பிரெஞ்சுக்கு முயலலாம். ஆனால், இலக்கியத் தாள்கள் கணிசமாக இருக்கும் என்பதை அவள் அறிந்தே சேரட்டும். பேச்சு வகுப்பை எதிர்பார்த்து வருபவர்கள் பதினேழாம் நூற்றாண்டு நாடகத்தில் சோர்ந்துபோகிறார்கள்.

நிறுவன வேலைதான் நோக்கமெனில், பி.காமுடன் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் படித்து, டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித்திறன் தேர்வில் பி2 (உயர் இடைநிலை) சான்றிதழ் பெறுவதே என் பரிந்துரை. அச்சான்றிதழ் காலாவதியாவதில்லை, பிரான்சில் மேற்படிப்பைப் பிரெஞ்சு வழியில் படிக்கவும் பல பல்கலைக்கழகங்கள் குறைந்தது அந்த நிலையையே கேட்கின்றன.