பழைய காலத்து ஒருபக்க பிளேடு ரேசரில் முதல்முறை ஷேவ் செய்த அனுபவம் எப்படி இருந்தது? இப்போது வாங்கிப் பயன்படுத்தலாமா?

முதலில் நினைவுக்கு வருவது சத்தம்தான். காய்ந்த தோசைக்கல்லைத் திருப்பியால் சுரண்டுவார்களே, ஏறக்குறைய அந்தச் சத்தம். குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து என் மனைவி, "உள்ள என்னத்தப் போட்டுச் சுரண்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள். என் தாடையைத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த நேரத்தில் மோவாயில் இரண்டு இடத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

என்னிடம் இருப்பது ஜெம் மைக்ரோமேட்டிக், அதிலும் 'க்ளாக் ப்ரூஃப்' என்ற வகை. 1940களைச் சேர்ந்தது. நியூ ஜெர்சியில் டெலவேர் ஆற்றங்கரையில் லாம்பர்ட்வில் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வாரத்தில் சில நாட்கள் பழம்பொருள் சந்தை நடக்கும். மனைவி பித்தளைச் சாமான் தேடிக்கொண்டிருந்தபோது, துருப்பிடித்த ஸ்பேனர்கள் கிடந்த ஒரு டப்பாவுக்குள் இது கிடந்தது. பன்னிரண்டு டாலர். விற்ற பெரியவர் கைப்பிடியின் அடியைத் திருகிக் காட்டினார். தலையின் மேல்மூடி முதலை வாய் போல மெல்லத் திறந்தது. அதைப் பார்த்த பிறகு பேரம் பேசத் தோன்றவில்லை.

ஒருபக்க பிளேடு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: நம் அப்பாக்களின் ஷேவிங் செட்டில் போடுவது இரண்டு பக்கமும் கூரான மெல்லிய பிளேடு. இதில் ஒரு பக்கம்தான் கூர். மறுபக்கம் மடித்த தகடு ஒன்று முதுகெலும்பு மாதிரி இருக்கும். சலூனில் பிளேடைக் காகிதத்தோடு சேர்த்து இரண்டாக உடைத்து, பாதியைக் கத்தியில் செருகுவார்களே, அதுவும் ஒருபக்க பிளேடுதானே என்று கேட்கலாம். கூர் ஒரு பக்கம் என்பது சரி, கனம்தான் வேறு. சாதாரண இருபக்க பிளேடு 0.1 மில்லிமீட்டர் கனம். ஜெம் பிளேடு சுமார் 0.23 மில்லிமீட்டர், இரண்டு மடங்குக்கும் மேல். மெல்லிய பிளேடைச் செட்டுக்குள் வைத்து முறுக்கும்போது அது வில்லாக வளையும், அந்த வளைவில்தான் அதற்கு விறைப்பு கிடைக்கிறது. ஜெம் பிளேடு வளையவே வளையாது. தட்டையாக உட்கார்ந்துகொள்ளும், முடியில் மோதும்போது அதிராது. மேலே சொன்ன சத்தமும் இந்த விறைப்பால் வருவதுதான். கனத்த தகடும் பித்தளைத் தலையும் சேர்ந்து ஒவ்வொரு முடி அறுபடுவதையும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்கின்றன.

இந்த வகைதான் மூத்தது. நியூயார்க்கில் காம்ஃப் சகோதரர்கள் 1880இல் காப்புரிமை வாங்கிய 'ஸ்டார்' ரேசரில் சவரக்கத்தியின் ஒரு துண்டை வெட்டி வைத்தது போன்ற தடித்த பிளேடுதான் இருந்தது. தினமும் தோல்வாரில் தீட்டியாக வேண்டும். தீட்டவே வேண்டாம், தேய்ந்தால் தூக்கிப் போடு என்று ஜில்லெட் வந்தது அதற்குப் பிறகு. 1903இல், விற்பனைக்கு வந்த முதல் ஆண்டில், அவர் விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே என்பார்கள். அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. ஆனாலும் புரூக்ளினில் ஜெம், எவர்ரெடி போன்ற ஒருபக்க பிளேடு ஆட்கள் பல பத்தாண்டுகள் விடாமல் மல்லுக்கட்டினார்கள். 'ஐந்து மணி நிழல்' என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. காலையில் மழித்த முகத்தில் சாயங்காலம் தெரியும் கருமையைச் சொல்வது. அதை ஊர் முழுக்கப் பரப்பியதே ஜெம் பிளேடு விளம்பரங்கள்தான். மாலையில் முகம் கறுத்துத் தெரிந்தால் வேலை போய்விடும், பெண் கிடைக்காது என்கிற ரீதியில் பயமுறுத்தியிருப்பார்கள். விளம்பரக்காரர்கள் அன்றும் அப்படித்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

யாரோ எண்பது வருடத்துக்கு முன்னால் முகத்தில் போட்ட சாமான். சுத்தம் செய்யாமல் தொடக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது சாம்பல் நிறத்தில் வந்த கசடைப் பார்த்து வயிற்றைப் புரட்டியது. அதன்பின் எழுபது சதவீத ஆல்கஹாலில் சிறிது நேரம் போட்டு எடுத்தேன். புளி, வினிகர் எல்லாம் போட்டுப் பளபளப்பாக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். இது பித்தளை மேல் நிக்கல் பூச்சு. குத்துவிளக்கு மாதிரி நினைத்துத் தேய்த்தால் பூச்சு போய்விடும்.

பிளேடில்தான் முதல் தப்பு செய்தேன். ஹார்டுவேர் கடையில் ஒரு டப்பா ஒருபக்க பிளேடு வாங்கி வந்தேன். அளவு கச்சிதம், உட்கார்ந்ததும் கச்சிதம். ஆனால் அது கண்ணாடி ஜன்னலில் ஒட்டிய பெயின்டைச் சுரண்டுவதற்கான பிளேடு. டப்பாவில் தெளிவாக அப்படித்தான் போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. சவரத்துக்கென்று வரும் ஜெம் பிளேடு துருப்பிடிக்காத எஃகு, கூரின் மேல் வழுக்கலான பூச்சும் இருக்கும். இந்தச் சுரண்டல் பிளேடில் பூச்சு கிடையாது. முதல் நாள் ரத்தத்தில் பாதிக்கு இதுதான் காரணம். மீதிப் பாதிக்குக் காரணம் என் கை.

இரண்டாவது நாள் சரியான பிளேடு. ஆனாலும் எரிச்சல். அப்பா கற்றுக்கொடுத்த முறையில், செட்டைச் சாய்த்துப் பிடித்து, கைப்பிடியை முகத்தை நோக்கி இறக்கியபடி இழுத்துக்கொண்டிருந்தேன். இருபக்க பிளேடுக்கு அது சரி. ஜெம்மின் தலை வேறு மாதிரி வார்க்கப்பட்டது. அதன் மேல்மூடியைக் கன்னத்தில் அப்படியே படுக்க வைக்க வேண்டும், ஒரு பில்லையை ஒட்டுவது போல. அப்போது கைப்பிடி முகத்தை விட்டு விலகி நீட்டிக்கொண்டு நிற்கும், பார்க்கவே தப்பாகத் தெரியும். அங்கிருந்து ஒரு நூல் அளவு மட்டும் கைப்பிடியைக் கீழே இறக்கினால் பிளேடு முடியைத் தொடும். அவ்வளவுதான் சாய்வு. அதற்கு மேல் இறக்கினால் அது சவரம் இல்லை, தோல் சீவல்.

இது தலைக்குப் புரிந்தது ஒரு நிமிஷத்தில், கைக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. பல வருடம் மூன்று பிளேடு, ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜில் பழகிய கை தானாக அழுத்தும். அந்த பிளாஸ்டிக் தலை திரும்பித் திரும்பி முகத்துக்கு வளைந்துகொடுப்பதால் அழுத்தினாலும் மன்னித்துவிடும். இது மன்னிக்காது. நான் கண்ட வழி, கைப்பிடியை முழுக்கையால் பிடிக்காமல் நுனியை இரண்டு விரலால் மட்டும் பிடிப்பது. பித்தளையின் கனமே போதுமான அழுத்தம் தரும். காது வைத்துக் கேட்டாலும் தெரியும். சாய்வு சரியாக இருந்தால் சத்தம் சீராக 'சர்ர்ர்' என்று வரும். சத்தம் நின்றுவிட்டால் பிளேடு முடியைத் தொடவில்லை என்று அர்த்தம், கரகரத்தால் அதிகம் இறக்கிவிட்டோம் என்று அர்த்தம். கண்ணாடியைவிடக் காதை நம்பி ஷேவ் செய்கிற ஒரே சாமான் இதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது பிரச்சினை வேடிக்கையானது. வலது கன்னம் வழவழவென்று வரும், இடது கன்னம் எரியும். என் இடது கையைக் குறை சொன்னேன், பிளேடைக் குறை சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தலையின் முன்பக்கம் இரண்டு ஓரங்களிலும் சின்னதாக இரண்டு முளைகள் இருக்கும். பிளேடின் கூர் முனை இரண்டு மூலையிலும் அவற்றில் முட்டி நிற்க வேண்டும், பின்னாலிருந்து தகடு அதைத் தள்ளிப் பிடிக்கும். ஒரு முளையின் அடியில் பழைய சோப்பும் உப்புத்தண்ணீர்ப் படிவமும் சேர்ந்து கல்லாகியிருந்தது. மிஞ்சிப்போனால் ஒரு மிளகில் பாதி. அதனால் பிளேடு ஒரு பக்கம் முளையை எட்டாமல் கோணலாக நின்றிருக்கிறது. பல் குச்சியால் குத்தி எடுத்தேன். அன்றோடு இடது கன்னமும் சமாதானமாகிவிட்டது. பழைய ரேசர் வாங்குகிறவர்கள் பூச்சு மங்கியிருக்கிறதா என்று பார்ப்பதைவிட இந்த இரண்டு முளைகளையும் பார்ப்பது முக்கியம். அவை தேய்ந்தோ உடைந்தோ இருந்தால் அந்த ரேசர் அலமாரியில் வைத்து அழகு பார்க்க மட்டும்தான் ஆகும்.

தொந்தரவுகளையும் சொல்லிவிடுகிறேன். தலை பெரியது, மூக்குக்குக் கீழே நுழைய அடம்பிடிக்கும். மீசை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை என்று நினைத்துத்தான் நானும் இருந்தேன். ஆனால் மேல்மூடி மறைப்பதால் கூர் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இடது மீசையில் ஒரு துளி போனது, சமன் செய்யப் போய் வலது பக்கம் இரண்டு துளி போனது. நாலு நாள் வீடியோ மீட்டிங்கில் கேமராவை அணைத்து வைத்திருந்தேன். இன்னொன்று, ஒரு பக்கம்தான் வேலை செய்யும் என்பதால் நாலு இழுப்புக்கு ஒருமுறை அலச வேண்டியிருக்கும். கைப்பிடியின் அடியை லேசாகத் திருகித் தளர்த்தி ஓடும் தண்ணீரில் காட்டினால் நுரை வெளியே போய்விடும். திரும்ப முறுக்க மறக்காதீர்கள்.

பலன் என்ன என்று கேட்டால், எனக்குக் கழுத்தில் முடி உள்நோக்கி வளர்ந்து சிவப்புக் கொப்புளம் வரும். நம்மைப் போல சுருள் முடிக்காரர்கள் பலருக்கும் இது உண்டு. பல பிளேடு கார்ட்ரிட்ஜ் முடியை இழுத்துத் தோலுக்கும் கீழே வெட்டிவிடுவதால், திரும்ப முளைக்கும் முடி தோலுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. ஒற்றை பிளேடு தோல் மட்டத்தில் நிறுத்திக்கொள்ளும். ஜெம்முக்கு மாறி இரண்டு மாதத்தில் என் கழுத்து தெளிந்தது. முடி வளரும் திசையில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை, அத்தோடு நிறுத்திவிடுவேன். எதிர்த்திசையில் இழுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கும் ஆசையை விட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். முடித்ததும் ஈர முகத்தில் படிகாரம். எங்கே எரிகிறதோ அங்கே நான் தப்பு செய்திருக்கிறேன் என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

அவசரக்காரர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். காலை எட்டு மணி ரயிலைப் பிடிக்கிறவர் இதைத் தொட்டால் முகத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டுதான் ரயில் ஏறுவார். வாரக் கடைசியில், நாலு நாள் தாடி இல்லாமல் ஒரு நாள் முடியோடு, நல்ல வெந்நீரும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கன்னத்தில் மட்டும் இரண்டு நாள் பழகிவிட்டு அப்புறம் மோவாய்க்கும் தொண்டைக்கும் போங்கள்.

ஒரு பிளேடு எனக்கு ஒரு வாரம் வரும். தேய்ந்ததை எங்கே போடுவது என்ற கேள்விக்கு எங்கள் வாடகை வீட்டிலேயே பதில் இருந்தது. குளியலறை மருந்து அலமாரியின் பின்தகட்டில் உண்டியல் மாதிரி ஒரு சின்னக் கீறல். எதற்கென்று தெரியாமலே மூன்று வருடம் இருந்தோம். பழைய அமெரிக்க வீடுகளில் தேய்ந்த பிளேடைப் போடுவதற்கென்றே அப்படி வைத்திருப்பார்களாம். போட்டால் சுவருக்குள் விழும், அவ்வளவுதான், யாரும் திரும்ப எடுப்பதில்லை. நானும் ஒன்று போட்டுப் பார்த்தேன், உள்ளே எங்கோ 'ணங்' என்று உலோகத்தின் மேல் விழுந்தது. நமக்கு முன்னால் எத்தனை பேர்! இப்போது பழைய காபி டப்பாவில்தான் சேர்க்கிறேன்.

போன முறை திருச்சிக்குப் போனபோது ரேசரையும் பிளேடையும் பெரிய பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போனேன் (பிளேடைக் கைப்பையில் விடமாட்டார்கள்). அப்பா கைப்பிடியை நாலைந்து முறை திருகி மூடியைத் திறந்து திறந்து மூடினார். அடுத்த நாள் காலை கொல்லைப்புறம் வேப்பமரத்தடியில் அவர் வழக்கமாக மாட்டும் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து ஷேவ் செய்தார். நான் சாய்வைப் பற்றி விளக்க ஆரம்பிப்பதற்குள் ஒரு கன்னம் முடிந்திருந்தது, ஒரு கீறல் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தாண்டா இருக்கு. இதுக்கு பிளேடு இங்க எந்தக் கடையில கிடைக்கும்?" என்றார். தெப்பக்குளம் பக்கம் ஐந்தாறு கடையில் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. கையில் இருந்த ஒரு பாக்கெட்டை அவரிடமே கொடுத்துவிட்டு, சலூனில் ஷேவ் செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன்.