இரத்தப் புற்றுநோய் வந்தால் பிழைக்க முடியாதா?

தம்பிக்கு சிஎம்எல் (நாள்பட்ட ஒரு வகை இரத்தப் புற்றுநோய்) என்று சொல்லிவிட்டார்கள், பிழைப்பானா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே நோயோடு வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பவன் நான். தைரியமாக இருங்கள்.

இரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு. சிஎம்எல்லில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் கோளாறான ஒரு புரதம் உருவாகி, வெள்ளையணுக்களை ஓயாமல் பெருக்குகிறது. அந்தப் புரதத்தை அடக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்கா அனுமதி தந்தது. புதிதாக நோய் தெரிந்து அதைச் சாப்பிட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்து ஆண்டுகள் கழித்தும் 100க்கு சுமார் 83 பேர் உயிரோடு இருந்தார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் இந்த மாத்திரையை உருவாக்கிய நோவார்ட்டிஸ் நிறுவனத்துக்குக் காப்புரிமை மறுத்ததால், இந்தியாவில் தயாராகும் மலிவான மாத்திரையே நமக்குக் கிடைக்கிறது.

மாத்திரையைச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து விழுங்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் குமட்டும். காலையில் கண்ணிமை வீங்கலாம், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கலாம். டாக்டரிடம் சொன்னால் வழி செய்வார்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சில வாரங்களில் உடம்பு தேறியதும், "அதான் சரியாகிடுச்சே" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீர்கள். இரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கும் பிசிஆர் பரிசோதனையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறக்கூடாது. இந்த மருந்து கேட்காவிட்டால் டசாடினிப், நிலோடினிப் என்ற வேறு மருந்துகள் இருக்கின்றன.

அப்புறம், முதல் பிசிஆர் ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.