அத்திப்பழத்துக்குள் இருக்கும் பூச்சிக்கு மருந்து அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் கிணற்றுமேட்டில் பழைய நாட்டு அத்திமரம் ஒன்று நிற்கிறது. அதன் பழத்தைப் பிட்டால் சின்னஞ்சிறு கரும்பூச்சிகள் வெளிவருகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதன் அருகே அரை ஏக்கரில் பூனா அத்தி நட்டோம். இப்போது அந்தப் பழங்கள் சிலவற்றில் வெள்ளைப் புழு காணப்படுகிறது. நாட்டு மரத்திலிருந்துதான் பரவுகிறது என்கிறார்கள். அந்த மரத்துக்கு மருந்து அடிப்பதா, மரத்தையே வெட்டிவிடுவதா?
– விவசாயி, நத்தம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இரண்டும் வேண்டாம். நாட்டு அத்தியில் நீங்கள் காணும் பூச்சியும் பூனா அத்தியில் உள்ள புழுவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்ற பழமொழி நாட்டு அத்தியைக் கண்டு சொன்னதாகவே இருக்க வேண்டும். ஆனால் அவை புழுக்கள் அல்ல, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள அத்திக் குளவிகள். அத்தி பூப்பதை நாம் காண்பதில்லை. காரணம், நாம் காய் என்று அழைப்பதன் உட்சுவர் முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் அடைந்திருப்பதே. மகரந்தம் சுமந்து வரும் பெண் குளவி, இளங்காயின் நுனியிலுள்ள குறுகிய வாயில் வழியாக இறகுகள் முறியும்படி நெருக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, சில பூக்களில் முட்டையிட்டு, மற்றப் பூக்களுக்கு மகரந்தம் சேர்த்துவிட்டு, அங்கேயே இறந்துபோகிறது. முட்டையிட்ட பூக்களில் குஞ்சுகள் வளர்கின்றன. மகரந்தம் பெற்றவை விதையாகின்றன. காய் முதிரும்போது இறகில்லாத ஆண் குளவிகள் முதலில் வெளிவந்து, பெண் குளவிகளுடன் இணைந்து, காய்ச்சுவரைக் குடைந்து வழி செய்கின்றன. அப்போதுதான் ஆண் பூக்களும் மலர்ந்திருக்கும். அவற்றின் மகரந்தத்தை எடுத்துக்கொண்டு பெண் குளவிகள் பறந்துவிடுகின்றன. ஒரு மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒன்றாகவே முதிர்வதால், ஓரிரு நாளே வாழும் இக்குளவி காற்றோடு போய் வேறொரு நாட்டு அத்திமரத்தைத் தேடியாக வேண்டும். மருந்து அடித்தால் இந்தத் தொடர் அறுந்துபோகும். மகரந்தம் கிடைக்காத காய்கள் பெரும்பாலும் பழுக்காமலே உதிரும்.

இக்குளவி உங்கள் பூனா அத்திக்கு வராது. ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் பெரும்பாலும் அதற்கென்றே அமைந்த குளவி உண்டு. பூனா அத்தி சீமை அத்தி இனத்தைச் சேர்ந்தது; அந்த இனத்தின் குளவி வேறு. மேலும், பூனா அத்தி மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்த்துப் பழுக்கும் வகை. துருக்கியின் ஸ்மிர்னா வகை அப்படிப்பட்டதன்று. 1880-களில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்ற ஸ்மிர்னா மரங்களில் காய்கள் பழுக்காமல் உதிர்ந்துகொண்டே இருந்தன. 1899-இல் அதற்குரிய குளவியை அங்கே நிலைபெறச் செய்த பிறகுதான் விளைச்சல் கிடைத்தது. துருக்கி விவசாயிகள் இன்றும் குளவி நிறைந்த ஆண் அத்திக்காய்களைப் பெண் மரக்கிளைகளில் தொங்கவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த வேலை இல்லை.

அப்படியானால் வெள்ளைப் புழு எது? காலில்லாத புழு சதைக்குள் நெளிந்து, அந்த இடம் கூழாகிப் புளித்த வாடை வீசினால், பெரும்பாலும் அது பழ ஈயின் புழுவே. உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். குப்பைமேட்டில் கொட்டினால் ஈயை நீங்களே வளர்ப்பதாகும். மாந்தோப்பில் வைக்கும் மீதைல் யூஜினால் (ஈக்களை ஈர்க்கும் வாசனைப் பொருள்) பொறிகளை நான்கைந்து இடங்களில் கட்டுங்கள். அதில் ஆண் ஈக்கள் மட்டுமே விழும் என்பதால், பொறியை மட்டும் நம்பித் தோட்டச் சுத்தத்தைக் கைவிடக் கூடாது. அத்தி பறித்த பிறகு பழுக்காது. ஆகவே ஈக்குப் பயந்து காயாகப் பறிக்காமல், காம்பு தளர்ந்து பழம் தொங்கத் தொடங்கியவுடன் தினமும் காலையில் அறுவடை செய்யுங்கள். அறுவடைக் காலத்தில் பழங்களின் மீது பூச்சிக்கொல்லி படவே கூடாது.

நாட்டு அத்தியைக் கூட்டுக்கும் வற்றலுக்கும் எடுப்பதானால் சிறு பிஞ்சாகவே பறித்துவிடுங்கள். பழமாகத் தின்ன விரும்பினால் பிட்டு, தட்டி, ஊதிவிட்டு உண்ணலாம். எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான்.