ஓநாய்க்கு நான்கு ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் வரிசையை நண்பர்கள் சேர்ந்து படித்துவருகிறோம். அதில் வரும் நெட் ஸ்டார்க் உத்தமர் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. அவரும் ஒரு நிலப்பிரபுதானே, எளியவர்கள் அவர் கண்ணில் எங்கே படுகிறார்கள் என்றேன். ‘கற்பனையான பிரபுத்துவ உலகை இன்றைய ஜனநாயகத்தைக் கொண்டு அளப்பதா’ என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். அளக்கக் கூடாதா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இன்றைய அளவுகோலை ஒதுக்கியே வைத்துவிடுவோம். அந்த உலகத்தின் அளவுகோல் என்கிறார்களே, அது அங்கே யாருடையது என்று மட்டும் கேளுங்கள்.

1996இல் வந்த முதல் நாவலில் மைக்கா என்றொரு சிறுவன் வருகிறான். இறைச்சி வெட்டுபவரின் மகன். நெட்டின் மகள் ஆர்யாவுடன் குச்சிகளை வாளாக்கி விளையாடியதுதான் அவன் செய்த பிழை. இளவரசன் ஜாஃப்ரி வம்புக்கு வர, ஆர்யாவின் ஓநாய் அவன் கையைக் கடித்துவிடுகிறது. அது தப்பிவிட, அக்கா சான்சாவின் ஓநாயைக் கொல்ல ஆணை பிறக்கிறது. நெட் தன் கையாலேயே கொல்கிறார். அரசிக்கு அதன் தோல் கிடைக்கக் கூடாதென்று, நான்கு ஆட்களுடன் உடலை வடக்கே அனுப்பித் தன் கோட்டையில் புதைக்கச் சொல்கிறார். மைக்காவை இளவரசனின் காவலன் சாண்டோர் கிளிகேன் குதிரையில் விரட்டிப்போய் வெட்டுகிறான். மூட்டையில் வந்த மகனை, வெட்டிய பன்றி என்று முதலில் நினைத்தாராம் தகப்பன்.

ஓநாய்க்கு நான்கு ஆள், சிறுவனுக்கு ஒரு மூட்டை. எழுதிவைத்திருப்பவர் மார்ட்டின், நீங்கள் வெளியிலிருந்து எதையும் கொண்டுபோகவில்லை.

நெட்டுக்கு நியாயம் தெரியாமல் இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் டெனேரிஸ் என்ற சிறுபெண்ணைக் கொல்ல அரசர் முடிவெடுத்தபோது, முதன்மை அமைச்சர் பதவியையே உதறியவர். சாண்டோரின் அண்ணன் கிரகர் ஊர்களைச் சூறையாடியதற்கு அரியணையிலிருந்து மரண தண்டனை விதித்தவரும் அவர்தான். மைக்காவுக்கு நேர்ந்தது கொலை என்று ஆர்யாவிடம் தனிமையில் சொல்கிறார். வழக்குத்தான் இல்லை. எனக்கு நெட்டைப் பிடிக்கும். அதனாலேயே இந்த இடம் நெருடுகிறது.

‘அந்தக் காலத்தில் யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது’ என்பது உண்மை வரலாற்றிலும் நிற்காது. ஆதாம் மண்ணைக் கொத்தி ஏவாள் நூல் நூற்றபோது பிரபு எங்கே இருந்தான் என்று ஜான் பால் என்ற பாதிரியார் இங்கிலாந்தில் கேட்டது 1381இல். திரண்ட குடியானவர்களிடம் பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் சாசனம் கொடுத்தார். ஆபத்து நீங்கியதும் திரும்பப் பெற்றார். ஜூலையில் ஜான் பாலைக் கொன்று நான்கு துண்டாக்கினார்கள். இவர் எந்தக் காலத்து மனிதர் என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள்? (வாக்குரிமை உள்ள நாம் அரியணைக்கு எந்த வாரிசு பொருத்தம் என்று இரவெல்லாம் சண்டையிடுவது தனி வேடிக்கை.)

வரிசையின் மூன்றாவது நாவலில் சாண்டோர் ஒருவழியாக விசாரணைக்கு வருகிறான். மைக்காவின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுபவள் ஆர்யா. இளவரசர்களைக் கேள்வி கேட்பது என் வேலையல்ல என்கிறான் அவன். தீர்ப்பு வாள்போரில். அவன் ஜெயிக்கிறான், விட்டுவிடுகிறார்கள். அந்த உலகத்தின் சட்டப்படி அவன் நிரபராதி. ஆர்யாவோ, சாக வேண்டியவர்கள் என்று தினமும் படுக்கும்முன் சொல்லும் பெயர்ப் பட்டியலிலிருந்து அந்தத் தீர்ப்புக்காக அவன் பெயரை எடுத்துவிடவில்லை. அவளும் அந்த உலகத்தில் பிறந்தவள்தான்.