விதைப்பை வீக்கம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு 52 வயது. காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டியில் சுமை தூக்குகிறேன். மூன்று ஆண்டுகளாக வலது விதைப்பை வீங்கிக்கொண்டே வருகிறது, வலி இல்லை. தெரிந்தவர் ஒருவர் இரண்டு முறை ஊசியால் நீரை எடுத்துவிட்டார். சில மாதங்களில் மீண்டும் நிரம்பிவிட்டது. போர்வெல் தண்ணீர் குடிப்பதால்தான் இப்படி என்கிறார்கள். ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இது ஹைட்ரோசீல் எனப்படும் விரைவீக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விதையைச் சுற்றியுள்ள மெல்லிய உறையின் இரு அடுக்குகளுக்கு நடுவே எல்லா ஆண்களுக்கும் சிறிது நீர் சுரந்து, உடனுக்குடன் உறிஞ்சப்பட்டும் விடுகிறது. சுரப்பு கூடினாலோ உறிஞ்சுவது குறைந்தாலோ நீர் தேங்கி வீக்கமாகிறது. ஊசியால் வெளியேறுவது தேங்கிய நீர் மட்டுமே. அதைச் சுரக்கும் உறை உள்ளேயே இருப்பதால் மீண்டும் நிரம்பியதில் வியப்பில்லை. ஊசி வழியே கிருமி புகுந்து சீழ் பிடிக்கலாம், உள்ளே ரத்தம் கசியலாம். வீக்கம் உண்மையில் குடலிறக்கமாக (வயிற்றுக் குடல் கீழிறங்கிப் புடைக்கும் ஹெர்னியாவாக) இருந்துவிட்டால் குடலிலேயே துளை விழலாம். தயவுசெய்து மூன்றாம் முறை அவரிடம் போகாதீர்கள்.

சுமை தூக்குபவர்களுக்குக் குடலிறக்கம் வரும் வாய்ப்பு உண்டு என்பதால், முதலில் அதைப் பிரித்தறிய வேண்டும். வீக்கத்தின் மேல்பக்கத்தை மருத்துவர் இரு விரல்களால் பிடித்துப் பார்ப்பார். விரல்கள் வீக்கத்துக்கு மேலே சேர்ந்தால் அது விதைப்பைக்குள்ளேயே உருவானது. சேராமல் தொடைமடிப்பு வரை நீண்டு, இருமும்போது புடைத்தால் குடலிறக்கம் என்று எண்ண வேண்டும். பிறகு அறையை இருட்டாக்கி, சிறிய டார்ச்சை வீக்கத்தின் மீது ஒட்டி வைத்தால், தெளிந்த நீர் இருக்கும் பை முழுவதும் செந்நிறமாக ஒளிரும். ஆனால், உறை தடித்திருந்தாலோ உள்ளே ரத்தம் கலந்திருந்தாலோ ஒளி ஊடுருவாது. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு முறை ஊசி குத்தியிருப்பதால் டார்ச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளாமல் ஸ்கேன் எடுப்பது அவசியம். வீக்கத்துக்குள் மறைந்திருக்கும் விதை நலமாக உள்ளதா என்பதையும் ஸ்கேன்தான் காட்டும்.

தண்ணீரைப் பற்றிய பயம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் நியாயமானதுதான். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பற்களில் கறையும் எலும்பு, மூட்டுகளில் பாதிப்பும் ஏற்பட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால், ஃப்ளோரைடு விரைவீக்கத்தை உண்டாக்குவதில்லை. அடிபடுதல், கிருமித் தொற்று, யானைக்கால் நோய் போன்றவை காரணமாகலாம். பலருக்குக் காரணமே தெரியாது. யானைக்கால் நோய் பரவியுள்ள ஊர்களில் நீங்கள் நெடுநாள் தங்கி வேலை பார்த்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கான ரத்தப் பரிசோதனையை இரவில் எடுக்க வேண்டியிருக்கும்.

மாத்திரையால் இந்த வீக்கம் வற்றாது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டு, நீரை வடித்து, உறையை வெட்டியெடுப்பார்கள் அல்லது மடித்துத் தைப்பார்கள். விதையை அகற்றுவதில்லை என்பதால் ஆண்மை போய்விடும் என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். சர்க்கரை நோய் இருந்தால் அதை முன்னதாகக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அறுவைக்குப் பின் சில வாரங்கள் வீக்கம் இருக்கத்தான் செய்யும். தாங்கும் உள்ளாடை அணிய வேண்டும். ஒரு மாதமாவது, மருத்துவர் அனுமதிக்கும் வரை, சுமை தூக்கக் கூடாது. ஸ்கேனில் வேறு சிக்கல் இல்லையென்றால், கூலியை இழக்காமல் மாங்காய் சீசன் முடிந்த பிறகே அறுவை செய்துகொள்ளலாம். ஸ்கேனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வயது 24. ஓசூரில் தொழிற்சாலை வேலை. ஒரு மாதமாக இடது விதை கல்போல் கனமாக இருக்கிறது. சுற்றிலும் லேசாக நீர் உள்ளது என்கிறார்கள். வலி இல்லாததால் விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. இந்த வாரமே சிறுநீரக அறுவை மருத்துவரைப் பாருங்கள். விதையில் வரும் புற்றுநோய் இளம் வயதினரையே அதிகம் தாக்குகிறது. பெரும்பாலும் வலியில்லாமல் கடினமாகத் தொடங்கி, சுற்றிலும் சிறிது நீரையும் சேர்த்துக்கொள்ளும். ஸ்கேனும் சில ரத்தப் பரிசோதனைகளும் தெளிவுபடுத்திவிடும். அதுவரை யாரும் அதில் ஊசி குத்த அனுமதிக்காதீர்கள். புற்றுநோயாகவே இருந்தாலும், தொடக்கத்தில் வந்தால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

கேள்வி: பாலக்கோட்டில் இருந்து எழுதுகிறேன். என் எட்டு மாத மகனுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு பக்கம் வீக்கம். காலையில் சிறிதாகவும் மாலையில் பெரிதாகவும் தெரிகிறது. அறுவை செய்ய வேண்டுமா?

பதில்: இப்போது வேண்டியதில்லை, அம்மா. விதை வயிற்றிலிருந்து கீழே இறங்கிய பாதை முழுதாக மூடாததால் வயிற்று நீர் வந்து போகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் தானாகவே மூடிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் தொடைமடிப்பில் சிறிதாகக் கீறி அந்தப் பாதையை அடைப்பார்கள். குடலிறக்கம் இல்லை என்பதை மட்டும் குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்; கைக்குழந்தைகளுக்குக் குடலிறக்கமும் டார்ச் வெளிச்சத்தில் ஒளிரக்கூடும். வீக்கம் திடீரென்று இறுகிச் சிவந்து, குழந்தை வீறிட்டு அழுது வாந்தி எடுத்தால், நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்காமல் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். குடல் சிக்கியிருந்தாலும் விதை முறுக்கிக்கொண்டிருந்தாலும் சில மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும்.