அக்கி ஆறின பிறகும் நரம்பு வலி போகல, கரண்ட் வச்ச அக்குபங்சர் பண்ணினா குறையுமா?

அம்மாவுக்கு அக்கி வந்து புண்ணெல்லாம் ஆறி நாலு மாசம் ஆச்சு, எரிச்சல் மட்டும் விடல, எலக்ட்ரோ அக்குபங்சர் பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. எங்கப்பாவுக்குப் பண்ணினோம். கொஞ்சம் கேட்டுச்சு, முழுசா கேட்கல. மாத்திரையை விட்டுட்டு இதை மட்டும் நம்பி போகாதீங்க, கூட வேணா சேத்துக்கலாம், அதான் என் பதில்.

எங்க ஊரு பாபநாசம் பக்கம். அக்கி சூட்டுல வரும்பாங்க, அப்பாவுக்கு வந்தது ஐப்பசி அடைமழையில, சம்பா நடவு முடிஞ்ச வாரம். வலது விலாவுல மொதல்ல சும்மா எரிச்சல், வயல்ல ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு தேங்காண்ணெய தடவிட்டு படுத்துட்டார், மூணாம் நாள் பாத்தா முதுகுலேர்ந்து நெஞ்சு வரைக்கும் ஒரு பக்கமா பட்டையா கொப்புளம். அத்தை உடனே மண்பானை செய்யற வேளார் வீட்டுக்கு அழைச்சிட்டுப் போய் காவி கரைச்சு அக்கி எழுதிட்டு வந்தாங்க, மறுநாளும் எழுதினாங்க. வேளார் தாத்தா மேல எனக்கு கோவமெல்லாம் இல்ல, குளுகுளுன்னு இருந்துச்சுன்னு அப்பாவே சொன்னார், ஆனா அந்த நாளுங்கதான் போச்சு. இது சின்ன வயசுல வந்த சின்னம்மையோட அதே வைரஸ், தண்டுவடத்துக்குப் பக்கத்துல நரம்பு முடிச்சுல கிடந்துட்டு வயசான காலத்துல எழுந்திரிக்குது. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள்ள அசைக்ளோவிர் மாதிரி வைரஸை அடக்கற மாத்திரை ஆரம்பிச்சிடணும், பெரியவங்களுக்கு வழக்கமா 800 மில்லிகிராம், நாளைக்கு 5 வேளை, 7 நாள். நாங்க டாக்டர்கிட்ட போனது ஆறாம் நாள். அப்பவே போயிருந்தா இந்த வலியே வந்திருக்காதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்குது.

புண்ணு காஞ்சதும் தோல் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, தொட்டாதான் உயிர் போகும். சட்டை போட முடியாது, ஃபேன் காத்து பட்டாலே பல்லைக் கடிப்பார், வருஷக்கணக்கா வலது தோள்ல கிடந்த துண்டு இடது தோளுக்கு மாறிடுச்சு. மூணு மாசம் தாண்டியும் இப்படியே இருந்தா போஸ்ட் ஹெர்பெட்டிக் நியூரால்ஜியான்னு சொல்றாங்க. நரம்பு வலிக்கான பிரீகாபலின் மாத்திரை கொடுத்தாங்க, வலி கொஞ்சம் அடங்குச்சு ஆனா தலை கிறுகிறுன்னு வந்து வரப்புல ஒரு தடவை சாய்ஞ்சுட்டார்.

அப்பதான் சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லி ஒரு அக்குபங்சர்காரர்கிட்ட போனோம். நாடி பாத்துட்டு கையில ஒரே ஒரு ஊசி, இங்கிலீஷ் மருந்து எல்லாத்தையும் இன்னையோட நிறுத்துங்கன்னுட்டார். அப்பாவும் நிறுத்திட்டார், என்கிட்ட சொல்லவே இல்ல. நாலாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு கொல்லைப்பக்கம் ஈரத்துணிய விலாவுல ஒத்திக்கிட்டு உக்காந்திருந்தார், அப்பதான் விஷயமே தெரிஞ்சுது. பிரீகாபலினை திடீர்னு நிறுத்தக்கூடாது, டாக்டரைக் கேட்டு படிப்படியாத்தான் குறைக்கணும். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

கரண்ட் வச்சது அப்புறம் தஞ்சாவூர்ல வேற ஒருத்தர்கிட்ட. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே வாங்கன்னு அவரே சொன்னார், அதுலயே எனக்கு பாதி நம்பிக்கை வந்துடுச்சு. ஃபிசியோதெரபியில தோல் மேல பேட் ஒட்டி கரண்ட் வைப்பாங்களே, அது டென்ஸ், அது வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. இதுல கவர்லேர்ந்து அப்பதான் பிரிச்ச மெல்லிசு ஊசிய முதுகெலும்பு ஓரமா, எந்த நரம்புல அக்கி வந்துச்சோ அந்த மட்டத்துல போட்டு, ஊசித் தலையில சின்ன கிளிப் மாட்டி, ஒயரை ஒரு டப்பா மெஷின்ல சொருகுறாங்க. குமிழைத் திருக ஆரம்பிச்சதும் ஊசியைச் சுத்தி சதை தவளைத் தொண்டை மாதிரி துடிக்குது. அப்பா குப்புறப் படுத்துக்கிட்டே "என்னடா இது ஆயில் இன்ஜின் மாதிரி அடிக்குது"ன்னார். வலிக்கக்கூடாது, துடிப்பு மட்டும் தெரியணும், வலிச்சா சொல்லுங்கன்னாங்க. ஒரு சிட்டிங் அரைமணி நேரம், வாரத்துக்கு ரெண்டு, மொத்தம் பத்து.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, பீக்கிங் பல்கலைக்கழகத்துல ஹான் ஜிஷெங்னு ஒருத்தர் இதையே வருஷக்கணக்கா ஆராய்ஞ்சவர், நொடிக்கு 2 துடிப்புன்னு மெதுவா வச்சா உடம்பு எண்டார்ஃபின், என்கெஃபலின் சுரக்குது, 100ன்னு வேகமா வச்சா டைனார்ஃபின் சுரக்குதுன்னு காட்டினார், எல்லாம் உடம்பே செய்யற வலி மருந்துதான். அதனால துடிப்பை மாத்தி மாத்தி வைக்கறதும் உண்டு. அக்கி வலிக்குன்னே செஞ்ச ஆய்வுகள் பெரும்பாலும் சீனாவுல நடந்தது, நிறைய சின்னச் சின்னது, வலி குறையுதுன்னுதான் சொல்லுது ஆனா அடிச்சுப் பேசற அளவுக்கு பலம் பத்தாது. ஊசி குத்தினது குத்தினவருக்கும் தெரியும், படுத்திருக்கறவருக்கும் தெரியும், அப்ப பலன் எவ்வளவு நம்பிக்கை எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்கிறது?

எங்க வீட்டுக்கணக்கு இதான். பத்துக்கு எட்டுன்னு சொன்ன வலி அஞ்சுக்கு வந்துச்சு, ராத்திரி நாலு மணி நேரம் சேந்தாப்ல தூங்கினார், பழைய மெல்லிசு சட்டைய பட்டன் போடாம போட்டுக்கறார். மாத்திரையாலயா, ஊசியாலயா, நாள் ஆக ஆக தானா குறைஞ்சதான்னு கேட்டா தெரியாது. துண்டு இன்னும் இடது தோள்லதான்.

நெஞ்சுல பேஸ்மேக்கர் இருந்தா கரண்ட் பக்கமே போகக்கூடாது. விலாப் பக்கம் ஊசி ஆழமாப் போனா நுரையீரல்ல குத்திடும், அதனால முறையா படிச்சவங்களான்னு விசாரிச்சுட்டுப் போங்க. செலவு யோசனைன்னா மொதல்ல லிடோகெய்ன் பேட்ச், அதாவது வலிக்கற இடத்துத் தோல் மேல ஒட்டற மரத்துப்போற மருந்துப் பட்டை பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, எங்களுக்கு அது யாருமே சொல்லல. 50 தாண்டினவங்களுக்கு ஷிங்ரிக்ஸ்னு தடுப்பூசி 2023லேர்ந்து நம்ம நாட்டுலயும் இருக்கு, ரெண்டு டோஸ், விலை ஜாஸ்தி, அது அக்கி வராம தடுக்கத்தான், இருக்கற வலியைக் குறைக்காது.

அம்மாவுக்கு சுகர் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடறாங்களான்னு நீங்க எழுதல, இருந்தா ஊசி போடறதுக்கு முன்னாடியே அக்குபங்சர் பண்றவங்ககிட்ட சொல்லிடுங்க.